உம்மு குல்தூம் தெரிந்தெடுத்த கல்குலேட்டர்

கற்பிட்டியில் கடலேரியோரத்து வீட்டுக்குக் கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து உம்மு குல்தூம் உப்புக் காற்றோடு வழக்காடி வந்தார். மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, தையல் மெஷின் எல்லாம் அந்த வழக்கில் தோற்றவை. 2013இல் மகள் ஃபஸ்னா பொறியியல் படிக்க மலைநாட்டுப் பல்கலைக்கழகமொன்றுக்குத் தெரிவானபோது, அவள் என்ன படிக்கப்போகிறாள் என்பதைவிட, எதை வைத்துக் கணக்குச் செய்யப்போகிறாள் என்பதே அவருக்குக் கவலையாகிவிட்டது.

புத்தளம் டவுனில் புத்தகக் கடை வைத்திருந்த மர்ஸூக், நாலைந்து ஸயன்டிஃபிக் கல்குலேட்டர்களைக் கண்ணாடிப் பெட்டிமேல் பரப்பினார். உம்மு குல்தூம் ஒவ்வொன்றையும் கையில் வைத்துப் பாரம் பார்த்தார். பொத்தான்களை நகத்தால் நெம்பினார்.

"உம்மா, எது வேணும் எண்டு கெம்பஸ்ல சொல்லுவாங்க. கேட்டுட்டு வாங்குவம்," என்றாள் ஃபஸ்னா.

"அவங்கட வீடெல்லாம் மலைநாட்டுல. உப்புக் காத்தப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

தடித்த மூடியோடு எல்லாவற்றிலும் பெரிதாக இருந்த ஒன்றை மர்ஸூக் கடைசியாக எடுத்தார். "ராத்தா, இது கல்லு மாதிரி. விழுந்தாலும் ஒண்டும் ஆகாது."

உம்மு குல்தூம் அதைச் சீமெந்துத் தரையில் போட்டார். குனிந்து எடுத்து மகளிடம் நீட்டினார்.

"ரெண்டையும் ரெண்டையும் கூட்டிப் பாரு."

நாலு வந்தது.

"இதத் தாங்க தம்பி."

முதலாவது பரீட்சையன்று மண்டப வாசலிலேயே அதை மறித்துவிட்டார்கள். சூத்திரங்களைச் சேமித்து வைக்கக்கூடிய வகையாம், உள்ளே கொண்டுபோகக்கூடாது. சீனியர் ஒருத்தியிடம் இரவல் வாங்கி எழுதிய ஃபஸ்னா, பிறகு வளாகத்துக்கு எதிரே இருந்த கடையில் காகிதம் போல் பாரமில்லாத ஒன்றை வாங்கினாள். அது பலமுறை விழுந்தது; ஒருதரம் பிளேன்டீயிலும் குளித்தது. படிப்பு முடியும்வரை உழைத்தது. உம்மா வாங்கித் தந்தது விடுதி அலுமாரியில் சட்டைகளுக்கடியில் கிடந்தது. வீட்டில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பட்டம் முடித்துத் திரும்பியபோது அதில் ஒரு கீறலும் இல்லை. உம்மு குல்தூம் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். கெம்பஸ் போகும் பிள்ளைகளின் தாய்மார் யோசனை கேட்டு வரத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு ஹாஜரா, தன் மகனுக்கும் அதே மாதிரி வாங்க பஸ்ஸுக்குப் புறப்பட்டு இவர்கள் வாசலில் வந்து நின்ற காலையில், ஃபஸ்னாவால் பொறுக்க முடியவில்லை. ஹாஜராவுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

உம்மு குல்தூம் கேட்டார். "எங்க அந்த மத்தது?"

ஃபஸ்னா எடுத்து வந்தாள். எழுத்தழிந்த பொத்தான்களை அவர் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். பிறகு ஹாஜராவிடம் திரும்பினார்.

"முதல்ல, எது கொண்டுபோக ஏலும் எண்டு கெம்பஸ்ல கேளுங்க. பொறகு இதப்போல ஒண்டு எடுங்க. பாரமா இருந்தா வேணாம்."

அதன்பின் யோசனை கேட்டு வந்த எல்லோருக்கும் அவர் இதையே சொன்னார், அதே உறுதியோடு.