ஆர்லிஸ் வெட்டிய செடி

ஆர்லிஸ் ஹோவ்லாண்ட் முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். வடக்கு மினசோட்டாவின் குளிரெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அடுத்த வீட்டு டொலோரஸின் ஹைட்ரேஞ்சியா பூச்செடியைப் பார்த்தால்தான் வயிறு பற்றி எரியும்.

ஏரியே உறைந்துபோகும் ஊரில் அந்தச் செடி ஆகஸ்டு தவறாமல் வெள்ளை வெள்ளைக் கூம்பாகப் பூத்துத் தள்ளும். மாவட்டக் கண்காட்சியில் ஆறு வருடமாக முதல் பரிசான நீல ரிப்பன் டொலோரஸுக்கே. ஆர்லிஸ் வைத்திருந்தது அதே செடியில் உருண்டைப் பூ வகை. போன வருடம் அதில் ஒரு பூகூட இல்லை. தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அதற்கு முந்தின அக்டோபரில் அவளே அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டியிருந்தாள்.

"பழைய குச்சியிலதாம்மா மொட்டு வைக்கும். வெட்டிட்டா அந்த வருஷம் பூ கிடையாது" என்றார் நர்சரிக்காரர்.

ஆர்லிஸுக்கு அழுகை வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது யோசனையாக மாறிவிட்டது.

டொலோரஸ் பனிக்காலம் முழுக்க அரிசோனாவில் இருப்பாள். வீட்டுச் சாவி ஆர்லிஸிடம்தான்; உள்ளே இருக்கும் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் பொறுப்பு. ஏப்ரலில் பனி கரைந்த ஒரு காலையில் ஆர்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தக் கத்தரி எதுக்கு?" என்றார் கணவர் வெண்டல்.

"காபியக் குடிங்க பேசாம."

ஆளுயரச் செடியை முழங்காலுக்கு வெட்டித் தள்ளினாள். குச்சிகளை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினாள். மனசு குளிர்ந்திருந்தது. இந்த வருடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ரிப்பன் வாங்குகிறாள், பார்த்துவிடலாம்.

மே மாதம் டொலோரஸ் வந்து இறங்கினாள். செடி முன்னால் வெகுநேரம் நின்றாள். ஆர்லிஸ் கேக் தட்டோடு ஓடினாள்.

"மான் கடிச்சிருக்கும் போல டொலோரஸ்."

டொலோரஸ் குனிந்து வெட்டுவாயைத் தடவினாள். "மானா? நல்லாச் சாய்வா கடிச்சிருக்குடி." நிமிர்ந்து சிரித்தாள். "இந்தக் கூம்புப் பூ வகை புதுக் குச்சியில பூக்கும். ஒட்ட வெட்டினா பூ ரெண்டு மடங்கு வரும்னு நர்சரியில தலபாடா அடிச்சுக்கிட்டாங்க. எனக்குத்தான் மனசு வரல."

ஆர்லிஸுக்குக் கேக் தட்டு கனத்தது.

அந்த மாதக் கடைசியில் விழுந்த பனியில் ஆர்லிஸின் செடியில் இருந்த மொட்டெல்லாம் கருகிப்போயிற்று. டொலோரஸின் செடியோ ஆகஸ்டில் பிள்ளைத் தலை அளவு பூ வைத்தது. கண்காட்சி நடுவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் நீல ரிப்பனைக் கொடுத்தார்.

டொலோரஸ் அதை வாங்கி நேராக ஆர்லிஸிடம் வந்தாள். "செடிதான் என்னோடது. இவ பக்குவமா வெட்டிக் குடுத்ததுலதான் இப்படிப் பூத்துச்சு" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, ரிப்பனை அவள் சட்டையில் குத்தினாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஆறு வருடமாக ஆர்லிஸ் ஏங்கிய கைதட்டல் அது. அவளுக்குக் காது மடல் சிவந்தது.

ஊசியைச் சரிசெய்கிற சாக்கில் டொலோரஸ் அவள் காதோரம் குனிந்தாள்.

"அடுத்த ஏப்ரல்லயும் அந்த மானை வரச் சொல்லுடி."