சந்திரமதியின் தராசுச் சங்கிலி

மீனின் செவுளை விரலால் தூக்கிக் காட்டும்போது சந்திரமதி மீனைப் பார்ப்பதில்லை. வாங்க வந்தவரின் முகத்தைப் பார்க்கிறார். முகம் சுளித்தால், "ராத்திரி அது தூங்கலை, அதான் கண்ணு சிவந்திருக்கு" என்பார். சிரித்துவிட்டால் முடிந்தது, அதற்குள் மீன் பாதி அரிந்தாகியிருக்கும். அரிச்சந்திரன் மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா என்று எதிர்வரிசை ஆட்டிறைச்சிக் கடை சாகுல் ஹமீது கேட்பதுண்டு.

"பொய் சொல்லக்கூடாதுங்கிறது புருஷனுக்குத்தான் பாய். பொண்டாட்டிக்கு யாரும் சட்டம் போடலை."

தேக்கா சந்தை புதுக் கட்டடத்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. சந்திரமதிக்கு வயது ஐம்பத்தெட்டு. காலில் மஞ்சள் ரப்பர் பூட்ஸ். காலமான கணவருடையது, இரண்டு அளவு பெரிது. நடந்து வந்தால் ஆளுக்கு முன்னால் சத்தம் வரும். தமிழில் பேசுவார், மலாயில் பேரம் பேசுவார், ஹொக்கியன் சீனத்தில் எண்ணிக்கை மட்டும் சொல்வார், திட்டுவதற்கு மூன்றையும் கலந்துகொள்வார். மீனை விரலால் அழுத்திப் பார்ப்பவர்களைக் கண்டால் ஆகாது. "அது என்ன காலிங் பெல்லா? அமுக்கினா யாராவது கதவு திறப்பாங்களா?"

கடைக்கு மேலே குறுக்கே ஓடும் இரும்புக் குழாயிலிருந்து ஒரு சங்கிலி இறங்குகிறது. அதில் கடிகாரம் போன்ற வட்டமுகத் தராசு, தராசின் அடியில் ஒரு கொக்கி. மீன் பையைக் கொக்கியில் மாட்டினால் முள் எடை காட்டும். புதுக் கடைக்கு வந்த அன்றே தம் கைக்கு வாகாகச் சங்கிலியை அளந்து தொங்கவிட்டு, மிச்சக் கண்ணிகளைச் சுருட்டிச் சிவப்புக் கயிற்றால் கட்டிவைத்தார் சந்திரமதி. அதன்பின் கொக்கியைப் பார்த்து மாட்டியதே இல்லை. கண் வாடிக்கையாளர் மேல் இருக்கும், கை தானாகப் போகும்.

எண்பத்துநாலு தீபாவளி வாரத்தில் அந்தக் கை தவறியது. பை கொக்கிக்குக் கீழே காற்றில் மாட்டப்பட்டு, ஒரு கிலோ வாவல் மீன் ஒரு கனவானின் காலில் பளபளத்த சப்பாத்தின் மேல் விழுந்தது.

சந்திரமதி நிமிர்ந்து தராசைப் பார்த்தார். பிறகு எதிர்வரிசையைப் பார்த்தார். சந்தையில் வம்பு என்றால் அதற்குச் சொந்தக்காரர் சாகுல் ஹமீதுதான். ஆட்டுத்தலைக்கு மூக்குக்கண்ணாடி மாட்டி முன்வரிசையில் வைத்து, சுகாதாரத்துறை அதிகாரி வந்ததும் அதற்குச் சலாம் போடச் சொன்னவர்.

"பாய், விளையாட்டுக்கு ஒரு அளவு வேணும். யாரு என் தராசைத் தூக்கிக் கட்டினது?"

"அல்லா மேல ஆணையா நான் தொடலைக்கா."

"கண்ணாடி போட்டப்பவும் இதைத்தான் சொன்னீங்க."

மூன்று நாள் பேச்சு இல்லை. நாலாம் நாள், சந்திரமதி ஐஸ் வாங்கப் போயிருந்த நேரத்தில், சாகுல் ஹமீது முக்காலி போட்டு ஏறிப் பார்த்தார். சிவப்புக் கயிற்று முடிச்சு அப்படியே இருந்தது. அதன்மேல் இரண்டு வருஷத் தூசியும் அப்படியே இருந்தது. தராசு ஏறவில்லை என்றால் இறங்கியது யார் என்று கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. முடிச்சை அவிழ்த்து, சங்கிலியை ஒரு கண்ணி இறக்கிவிட்டார். சந்திரமதி வந்ததும் கைகட்டி நின்றார்.

"நான்தான்க்கா ஏத்தினேன். மன்னிச்சுக்குங்க. இப்ப சரி பண்ணிட்டேன்."

சந்திரமதி தராசை ஒரு தடவை பார்த்தார், அவரை ஒரு தடவை பார்த்தார். "சரி, போய்த் தொலைங்க" என்று மன்னித்தார். அன்று மாலையே பாய் ஆங் மோ கியோவுக்கு பஸ் ஏறி, சந்திரமதியின் மகள் கமலாவிடம், அம்மா உயரம் குறைந்துவரும் விஷயத்தைச் சொன்னார். கமலா மருத்துவமனைக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு என்ன கேடு" என்று சந்திரமதி வர மறுத்தார்.

அடுத்த வருஷம் இன்னொரு கண்ணி இறங்கியது. இந்த முறை சந்திரமதி கேட்பதற்கு முன்பே பாய் ஒப்புக்கொண்டுவிட்டார். செய்யாத குறும்புக்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டவர் தேக்காவில் அவர் ஒருவர்தான்.

முதுகுவலி வந்து நிமிர முடியாமல் போனபிறகுதான் மருத்துவமனை. எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்புக் கட்டைகள் இரண்டு, மிதிபட்ட அட்டைப்பெட்டி மாதிரி நசுங்கியிருந்தன. எண்பத்தாறு பொங்கல் முடிந்த கையோடு வாரத்துக்கு மூன்று ஊசி என்று ஆரம்பித்தார்கள். ஊசி போடுபவர் ரூபி என்ற நர்ஸ், தமிழ்க் கிறிஸ்தவப் பெண். எல்லா நர்ஸும் சந்திரமதிக்கு மிஸ்ஸிதான்.

"எலும்புக்குள்ள ரெண்டு பார்ட்டி இருக்கு, ஆன்ட்டி. ஒண்ணு பழைய எலும்பை அரிக்கும், ஒண்ணு பின்னாலேயே வந்து புதுசாக் கட்டும். உங்களுக்கு அரிக்கிற பார்ட்டி ஓவர்டைம் பண்ணுது. கட்டுற பார்ட்டியால ஈடுகட்ட முடியலை."

"ஊசி என்ன பண்ணும்?"

"அரிக்கிற செல்லோட வெளித்தோல்ல ஒரு புரோட்டீன் நீட்டிக்கிட்டு இருக்கும். இந்த மருந்து போய் அதுல ஒட்டினாப் போதும், செல் வாயைச் சுருக்கிக்கிட்டு எலும்பை விட்டுடும்."

"அப்ப அது காது."

"காது இல்ல ஆன்ட்டி, புரோட்டீன்."

"வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு, அதட்டினா கேக்குது. காதுதான் மிஸ்ஸி. என் கடைப் பூனைக்கும் அங்கதான் இருக்கு."

மருந்து சால்மன் என்ற மீனுடையது என்று தெரிந்ததும் சந்திரமதிக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் மீன் விற்றும் தாம் பார்க்காத மீன் ஒன்று இருப்பதே அவமானம். அதே சரக்கு மனிதர் கழுத்திலும் சுரக்கிறதாம்; ஆனால் மீனுடைய சரக்குக்குத்தான் அந்தச் செல் அதிகம் பயப்படுகிறதாம். செல்லைப் பூனையாக்கி, சந்தை முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "மனுஷன் அதட்டினா அசையாத பூனை, மீன் அதட்டினா ஓடுது. எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?"

எலும்பு எவ்வளவு அரிபடுகிறது என்பதைச் சிறுநீரில் ஒரு எண் காட்டும். அதற்கு ஒரு முழுநாள் சிறுநீரைப் பெரிய பாட்டிலில் பிடித்துக் குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். கடையில் குளிருக்கு என்ன பஞ்சம்? பாட்டில் ஐஸ் பெட்டியில் கொடுவாய்க்கும் கணவாய்க்கும் நடுவே இருந்தது. புளித்தண்ணீரா என்று கேட்ட சாகுல் ஹமீது, பதிலைக் கேட்டபின் அன்று மத்தியானம் மீன் வாங்கவில்லை.

ஏப்ரலில் எண் இறங்கியது. ஜூனில் இன்னும் இறங்கியது. ஆகஸ்டில் ஏறிவிட்டது.

சிகிச்சை பார்த்த டாக்டர் குவேக்குக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, இது மீன் சரக்கு என்று உடம்பு கண்டுபிடித்து, மருந்தை வழியிலேயே மடக்குகிறது. அப்படியானால் இனி இந்த மருந்தால் பயனில்லை. இரண்டாவது, ஓயாமல் மருந்து பட்டுப் பட்டு, செல் தன் மேல்தோலில் இருந்த புரோட்டீன்களை உள்ளே இழுத்துக்கொண்டது. இதற்கு ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஓய்வு கொடுக்கும் மாதத்தில் இன்னொரு கட்டை நசுங்கினால்? அவருக்குத் துணிவு வரவில்லை. டிசம்பர் வரை பார்ப்போம், இறங்காவிட்டால் ஊசியும் வேண்டாம், பாரம் தூக்கும் கடையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கமலா டிசம்பர் வரைகூடக் காத்திருக்கத் தயாராக இல்லை.

"போதும்மா. கடையை எழுதிக் கொடுத்துட்டு வீட்டோட வந்து இருங்க."

"வீட்ல என்ன இருக்கு? டிவியை அரிஞ்சு குடுக்கட்டுமா?"

ஆவணி கடைசி நாள் சந்திரமதி ஊசிக்குப் போனார். போட்டு முடித்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "நாளையிலேருந்து ஒரு மாசத்துக்கு வேணாம் மிஸ்ஸி. புரட்டாசி."

ரூபிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நீங்க மீன் விக்கிறீங்களே, ஆன்ட்டி."

"விக்கிறது பொழப்பு. உடம்புக்குள்ள ஏத்துறது வேற."

"இது ஃபேக்டரியில செய்யறது. மீனைப் பார்த்து மாதிரி எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். உள்ள மீனே இல்ல, ஆன்ட்டி."

"மீன் செய்யற வேலையத்தான அது செய்யுது? அப்ப அது மீன்தான்."

"நாங்க தவக்காலத்துலயே மீன் சாப்பிடுவோம்."

"உங்க சாமி மீன்காரங்களோட சுத்தினவரு, விட்டுடுவாரு. எங்க பெருமாள் மீனாவே வந்தவரு."

டாக்டர் குவேக்கிடம் ரூபி இதை எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மலாயில், "ஒரு மாதமா?" என்றார். பிறகு கோப்பில் ஏதோ எழுதி இரண்டு கோடு இழுத்தார்.

அந்தப் புரட்டாசியில் சந்திரமதி, யாரும் பார்க்காதபோது செய்த காரியம் ஒன்று உண்டு. காலையில் கடை திறந்ததும், பெருமாள் படத்துக்கு விளக்கேற்றும் முன், கையைத் தூக்கிக் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பார். தொட்டால் விளக்கு. மூன்றாவது வாரம் ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டு, விரல் நுனி மட்டும் பட்டது. அன்று அவர் யாரையும் திட்டவில்லை. எதிர்வரிசையில் சாகுல் ஹமீது, கத்தியைத் தீட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டு, மூன்றாவது மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தார். மறுநாள் விரல் முழுதாக எட்டியது. மன்னிப்பு அவரிடமே தங்கிவிட்டது.

ஐப்பசி முதல் தேதி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே போய் நின்றார். டிசம்பரில் எண் வந்தது. ஏப்ரலைவிடக் கீழே.

"உள்ளே இழுத்துக்கிட்டதெல்லாம் திரும்ப வெளியே வந்துடுச்சு, ஆன்ட்டி. ஊசி மறுபடியும் வேலை செய்யுது" என்றார் ரூபி. "இனிமே இடைவெளி விட்டு விட்டுத்தான் போடணும்னு டாக்டர் சொல்றாரு."

"நாள் பூரா சூ சூன்னா பூனை காதை மடிச்சுக்கும். கொஞ்ச நாள் சும்மா விட்டா காது நிமிரும். இதுக்கு அவரு சீமைக்குப் போய்ப் படிச்சாரா?"

"ஆனா ஒண்ணு ஆன்ட்டி. போன உயரம் வராது. இருக்கிறதைத்தான் காப்பாத்த முடியும்."

சந்திரமதி சட்டைக் கையை இறக்கிவிட்டார். "இருக்கிறது போதும் மிஸ்ஸி. கொக்கி எட்டுதில்ல."

டாக்டர் குவேக்கின் அறையில் இப்போது தேதி கிழிக்கும் தமிழ் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. சந்திரமதி கொடுத்தது. டாக்டருக்கு அதில் ஓரெழுத்தும் தெரியாது. புரட்டாசி எங்கே தொடங்குகிறது என்று ரூபி மடித்துக் காட்டிய தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். மகள் கமலா கடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. மீன் கூடைகளைத் தூக்க மட்டும் ஓர் ஆளைப் போட வைத்துவிட்டார். அந்த ஆளைத் திட்டுவதில் சந்திரமதிக்குத் தனிச் சுகம்.

இந்த வருஷம் புரட்டாசி முடிந்து, கொக்கி எட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. சந்திரமதி முக்காலியை இழுத்துப் போட்டார். ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதைக் கூவிக்கொண்டே சாகுல் ஹமீது எதிர்வரிசையிலிருந்து ஓடிவந்து, வேறு வழியில்லாமல், முக்காலிக் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குழாயோரம் மூன்று வருஷமாகக் கட்டில்லாமல் ஆடிக்கொண்டிருந்த மிச்சக் கண்ணிகளைச் சந்திரமதி ஒன்றாகச் சேர்த்தார். இடுப்பிலிருந்து புதுச் சிவப்புக் கயிறு ஒன்றை உருவினார்.

"இனிமே இதை யாரும் இறக்க வேண்டாம் பாய்" என்றார் கீழே பார்க்காமல். "மன்னிப்பும் கேக்க வேண்டாம்."

கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சைப் போட்டு இறுக்கினார். அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு, மிச்சக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார்.