தலைமேல் வைத்த கை

முதலில் தெரிந்தது தலை வாரும்போதுதான். உச்சந்தலையில் சீப்பு பட்டதும் குமட்டியது. பிறகு எண்ணெய் வைக்க முடியவில்லை. தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் யாரோ ஒருவரின் முழங்கை தலையில் இடித்தபோது வாந்தி எடுத்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள்.

இரண்டாவதாகப் பார்த்த பெண் மருத்துவர் ஸ்கேனை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. "இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க தலையை யார் தொட்டாங்க?" என்று கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

எங்கள் சபையில் பாட்டுக் குழுவை நடத்துபவர், அப்பாவோடு சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட் பார்த்தவர். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு நல்லது கெட்டதற்கு அவர்தான். சித்தப்பா என்று கூப்பிடுவேன். ஒரு மாலை பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பியபின் அவர் என்னை வன்புணர்வு செய்தார். இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அன்றே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள். வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டினாள், என் துணியைத் துவைத்துக் காயப்போட்டாள். அன்பாகத்தான் செய்தாள். இதைப் படிக்கும் அம்மாக்களே, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டுக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று நாட்களுக்குள் போனால் கர்ப்பத்தையும் சில தொற்றுகளையும் தடுக்க மருந்து உண்டு. குளித்துவிட்டிருந்தாலும் போங்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதமா" என்றவள், வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அதை விண்ணப்பமாக வைத்தாள். எங்கள் ஆட்களின் வழக்கம் இது. வெளியே பேசக் கூடாததை ஜெப விண்ணப்பம் என்று சொல்லிவிட்டால் அது வம்புக் கணக்கில் வராது. பெயரைச் சொல்லவில்லையாம். "பாட்டுக் குழுவுல ஒரு சகோதரிக்கு அநியாயம் நடந்துகீது. மன்னிக்கிற இருதயம் வேணும்னு ஜெபிங்க" என்றாளாம். அந்த ஆளின் மனைவியும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு மதியம் அந்த ஆளே தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்துவிட்டார்.

"அப்பாவும் அவரும் ஒரே கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்குனவங்கமா. சமாதானமா போயிடலாம், முட்டி போடு" என்றாள் அம்மா.

போட்டேன். அவர் என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் திறந்துவைத்து அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆமென் சொல்லும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவர் செய்தது குற்றம். அம்மா செய்தது துரோகம். எது அதிகம் வலித்தது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மருத்துவர் என் நோய்க்குப் பெயர் சொன்னார்: அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (ஆபத்து முடிந்த பிறகும் உடம்பு அதை நம்பாமல் இருப்பது). "லேட் ஆயிடுச்சேன்னு விடாதீங்க. இப்பவும் புகார் கொடுக்கலாம்" என்றார். கொடுத்தேன். வழக்கு நடக்கிறது. சபையில் பாதிப் பேர் எங்களோடு பேசுவதில்லை.

மனநல ஆலோசகர் ஒரே ஒரு பயிற்சி கொடுத்தார். யாராக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் என்னைத் தொட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நான் காரணம் காட்டத் தேவையில்லை. வீட்டில் சொன்னேன்.

"இன்னாமா இது, பெத்தவளும் கேட்டுட்டுதான் தொடணுமா?"

"ஆமா."

பல மாதம் அம்மா பக்கத்திலேயே வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு என் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வெக்கட்டுமா?"

"வேணாம்."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறும் கேட்டாள், அடுத்ததும். முன்பெல்லாம் எந்த ஞாயிறும் எனக்கு அந்த மதியமாகவே இருந்தது. இப்போது ஒன்றுக்குப் பின் இன்னொன்று வருகிறது. போன வாரம் சீப்பு பட்டபோது குமட்டவில்லை.

அம்மாவை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். இல்லை. நான் வேண்டாம் என்றதும் ஒரு கை நின்றுபோவதைப் பார்ப்பதற்காகத்தான், ஒவ்வொரு ஞாயிறும் முடியை அவிழ்த்துவிட்டு அவள் முன்னால் போய் உட்காருகிறேன்.