தைப்பூசம் முடிந்து வராதவர்கள்

"சிஸ்டர் ஜமீலா, அவங்க நம்மகிட்ட கத்துக்க வந்திருக்காங்க. அவங்ககிட்ட நாம கத்துக்க என்ன லா இருக்கு?"

எங்கள் கிளினிக் மேனேஜர் கோபால் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த கிளினிக்கில் நீரிழிவுக்காரர்களின் கால்களைச் சோதிப்பது என் வேலை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஆரம்ப சுகாதார சேவையில் நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு திட்டம். அதில் பழனிப் பக்கத்திலிருந்து செல்வி என்ற கிராம சுகாதாரச் செவிலியர் வந்திருந்தார். கோபால் அவருக்கு கியூ நம்பர் மெஷினைக் காட்டினார், மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மெஷினைக் காட்டினார், அப்பாயின்ட்மெண்டை நினைவூட்டும் ஆப்பையும் காட்டினார். செல்வி உண்மையாகவே ரசித்துப் பார்த்தார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"மெசேஜ் அனுப்பியும் வரலைன்னா, யாரு சார் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாங்க?"

"ரெண்டு மெசேஜ் போகும். அப்புறம் ஸ்லாட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்."

செல்வி என் பக்கம் திரும்பினார். "அக்கா, போன வாரம்தானே தைப்பூசம்? எங்க பக்கம் சுகர்காரங்க செருப்பில்லாம பாதயாத்திரை வருவாங்க. கால் மரத்துப்போயிருக்கும், கொப்புளம் வந்தாலும் தெரியாது. தெரிஞ்சாலும் நாங்க திட்டுவோம்னு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க. அதனால பூசம் முடிஞ்சதும் வராதவங்க வீட்டுக்குத்தான் முதல்ல போவோம்."

வராதவர்கள் பட்டியலை எடுத்தேன். நான் சிராங்கூன் சாலையில் பிறந்து வளர்ந்தவள். முஸ்லிம் வீட்டுப் பெண் என்றாலும் காவடியும் பால்குடமும் வெயிலில் வெறுங்காலோடு டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போவதை வருஷா வருஷம் பார்த்தவள். அந்த வாரம் மணியம் அண்ணன் கால் சோதனைக்கு வரவில்லை. டாக்சி ஓட்டுபவர், ஒருமுறைகூட அப்பாயின்ட்மெண்டைத் தவறவிடாதவர். தவறாமல் பால்குடமும் எடுப்பவர்.

அவர் வீட்டுக்குப் போகிறேன் என்று கோபாலிடம் சொன்னேன்.

"ஹோம் விசிட் நம்ம வேலையில இல்ல சிஸ்டர். ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"போகாம ஏதாவது ஆச்சுன்னா யாரு சார் பதில் சொல்றது?"

அவர் பதிலுக்கு நான் நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் செல்வியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடி புளோக்கில் அவர் வீடு. கதவைத் திறந்தவரின் வலது காலில் துண்டு சுற்றியிருந்தது. பூசியிருந்த மஞ்சளின் வாடையையும் மீறி அழுகல் நாற்றம் வந்தது.

"நீங்க ஏசுவீங்கன்னுதான் நான் வரல, மிஸ்ஸி," என்றார். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஏசத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. மகளுக்கு ரொம்ப நாள் கழிச்சுப் பிள்ளை பொறந்திருக்கு, அதுக்குத்தான்." அவரே காலை நீட்டினார். கட்டைவிரல் கறுத்திருந்தது. உள்ளங்காலில் வெடித்த கொப்புளத்தில் சீழ். "வலது கால் மிஸ்ஸி. இது போச்சுன்னா டாக்சி எங்க ஓட்டுறது?"

டாக்சி ஓட்டுபவரையே இன்னொரு டாக்சியில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுவந்தோம். சக்கர நாற்காலியை நான் உள்ளே தள்ளியபோது கோபால் வழியில் நின்றார்.

"கியூ நம்பர் எடுத்தீங்களா?"

"அழுகிப்போன காலுக்கு என்ன சார் கியூ நம்பர்? டாக்டரைக் கூப்பிடுங்க, இல்லேன்னா ஒதுங்குங்க."

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று தள்ளிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்த கையோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் முட்டிக்குக் கீழே ஒன்றுமே இருந்திருக்காது என்று அங்கே சொன்னார்களாம். மேலிடத்தில் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். மறுபடியும் இதைத்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே, நடக்கப்போகிறவர்களுக்கு நாங்கள் போன் செய்து வரச் சொல்லி, காலைப் பார்த்து அனுப்பினோம். முடிந்ததும், வராதவர்களின் வீடுகளுக்குப் போனோம். மேலிடமும் சரி என்றது. மணியம் அண்ணன் திரும்ப டாக்சி ஓட்டினார்.

அதற்கு அடுத்த வருஷம் பூசம் முடிந்த கையோடு ஒரு கூட்டம். பல நாட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். திரையில் "எங்கள் கிளினிக்கின் சொந்த முயற்சி" என்று போட்டு கோபால் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன்.

"இது நம்ம யோசனை இல்ல சார். பழனிப் பக்கத்துச் செல்வி சொல்லிக் குடுத்தது. அவங்க பேரைப் போடுங்க."

"அப்புறம் பேசலாம் சிஸ்டர்."

"இப்பவே போடுங்க. நான் நிக்கிறேன்."

நின்றேன். கோபால் எல்லோர் முன்னிலையிலும் டைப் செய்தார். அடுத்தவரிடம் கற்றுக்கொள்வது வெட்கமில்லை, பிள்ளைகளே. கற்றதை மறைப்பதுதான் வெட்கம்.

திரையைப் படம் பிடித்து செல்விக்கு அனுப்பினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். உடனே பதில் வந்தது.

"பேரு கிடக்கட்டும் அக்கா. இந்த வருஷம் யாரெல்லாம் வரல?"

இரண்டு பேர் வரவில்லை. கூட்டம் முடியும்வரை நான் காத்திருக்கவில்லை.