இரண்டு பேருக்கு ஒரு ஆம்புலன்ஸ்

செவ்வாய்க்கிழமை காலை பட்டறை ஷட்டரைப் பாதிதான் ஏற்றியிருந்தேன், போன் வந்தது. பூக்கடை முனிரத்தினம். "சாமி பூட்டாருங்க. ஆஸ்பத்திரிலயே, விடிகாலைல" என்றார். எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை. மலைக்கோயில் மடப்பள்ளியில் நாற்பது வருஷம் சமைத்து ஓய்வுபெற்ற சேஷாசலத்தைத்தான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சாமி என்போம். துக்கம் வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அவர் கையால் ஒருமுறையாவது சாப்பிட்டவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். உங்களுக்கும் அவர்மேல் ஏதாவது ஒரு கோபம் இருக்கும்.

முந்தின நாள் மாலை அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வாசலில் அவருடைய சொந்த வண்டி, ஒரு பழைய ஆம்புலன்ஸ், டீசல் நிரப்பி நிற்கிறது. எதிர்வீட்டு டிரைவர் ஓடிவந்து சாவியைக் கேட்டிருக்கிறார். இவர் கொடுக்கவில்லை. "அது இப்போ ஆம்புலன்ஸ் இல்லப்பா, வீடு. வீட்டை எட்த்துகினு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போயிருக்கிறார். வண்டியில் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அதனால் ஒன்றும் மாறியிருக்காது என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. ஏனென்றால் அதை வீடாக்கியவன் நான். சித்தூர் ரோட்டில் வேனுக்கும் லாரிக்கும் பாடி கட்டும் பட்டறை என்னுடையது.

ஓய்வுபெற்ற இரண்டாம் மாதம் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஏலத்தில் விட்ட வண்டி. முன்னால் போகிற வண்டிக்காரர்கள் தங்கள் கண்ணாடியில் பார்த்துப் படிப்பதற்காக முன்பக்கம் திருப்பி எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்து, பெயின்டர் குடித்துவிட்டு எழுதியிருக்கிறான் என்று ஏலக்காரரோடு சண்டை வேறு போட்டிருக்கிறார். உள்ளே டெட்டால் வாசனை. "படுக்கலாம், சமைக்கலாம், ஊர் ஊரா போலாம், அப்படிப் பண்ணிக் குடு நைனா" என்றார். இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் மனைவி ருக்மணி அம்மாள் ஒரு வேளைகூட அவர் சமையலை உட்கார்ந்து சாப்பிட்டதில்லையாம். மலையில் சமைத்தது மலையோடு சரி. வீட்டில் அவர் அடுப்புப் பற்றவைத்தால், கைப்பழக்கத்தில் நூறு பேருக்கு ஆகிவிடும். தெருவே வந்துவிடும். அம்மாள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சாப்பிடுவார். நாற்பது வருஷமாக இதைக் கவனிக்காதவர், வேலைவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்திருக்கிறார். "வீட்ல அடுப்புப் பத்தவச்சா ஊரே வருது. எங்கியோ ரோட்டோரம் நின்னு சமைச்சா யாரு வரப்போறாங்க? அவ உக்காரணும், நான் போடணும். ரெண்டே பேரு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒத்துக்கொண்டேன். என் கெட்ட நேரம் அங்கே ஆரம்பித்தது.

மேலே இருந்த விளக்கையும் சைரனையும் கழற்றினேன். ஸ்ட்ரெச்சர் ஓடும் தண்டவாளத்தை அறுத்து எடுத்தேன். அந்த இடத்தில் படுக்கை, அதற்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, பின்கதவை ஒட்டி ஒரு சின்ன அடுப்பு மேடை என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் என் கோட்டை அழித்து, வண்டியின் நடுவில் பெரிய வட்டம் ஒன்று வரைந்து வைத்திருந்தார்.

"இன்னா சாமி இது?"

"அண்டா வைக்கிற இடம்."

"ரெண்டு பேருக்கு அண்டாவா?"

"ரெண்டு பேருக்குத்தான் நைனா. வழில பசின்னு எவனாவது வந்துட்டான்னா? இல்லன்னு சொல்ல முடியுமா?"

சாக்பீஸை விட்டெறிந்தேன். பிறகு நானே பொறுக்கிக்கொண்டேன். அடுப்பு மேடையை நான்கு முறை மாற்றிக் கட்டினேன். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் வளர்ந்தது. படுக்கை கொஞ்சம் குறைந்தது. கடைசியில் ஹோட்டலில் வைக்கும் இரட்டை அடுப்பு உட்கார்ந்தது. படுக்கையில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம். இரண்டு மூட்டை அரிசிக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது. "நீங்க எங்க படுப்பீங்க?" என்றேன். "மடப்பள்ளில நான் என்னிக்கு நைனா படுத்தேன்?" என்றார். இந்தப் பதிலுக்கு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளோட்டம் கனகம்மாசத்திரம் வரைக்கும். வழியில் ஏதாவது கழன்றால் மாட்டுவதற்கு நானும் போனேன். அம்மாள் புதுப்புடவை கட்டி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். "நீ உக்காரு ருக்கு" என்று ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டார் சாமி. அம்மாள் உட்கார்ந்தார். நல்லபடியாகத்தான் இருந்தது. அவர் புளிக்காய்ச்சலைத் தாளித்தார். பெருங்காயம் காற்றில் போனது. திருப்பதிக்குப் போகிற பஸ் ஒன்று அந்த நேரம் பார்த்துப் பஞ்சராகி நின்றது.

முதலில் கண்டக்டர் வந்தார். பிறகு ஒரு கைக்குழந்தைக்காரி. பிறகு முழு பஸ்ஸும் வந்தது. சாமி முகத்தில் அப்படி ஒரு களை. "ரண்டி, ரண்டி, வாங்க, எல்லாருக்கும் கீது" என்று தெலுங்கிலும் தமிழிலும் கூப்பிட்டார். அரைமணியில் அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். புதுப்புடவை முந்தானையில் மஞ்சள் கறை. அண்டா காலியானது. டயரும் மாற்றியாகிவிட்டது. அம்மாள் கரண்டியை என் கையில் கொடுத்தார். சாலையைக் கடந்து போய், திருத்தணி போகிற பஸ்ஸை நிறுத்தி ஏறிவிட்டார்.

சாமிக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நான்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதுவரை அவரை அப்படிப் பேசியதில்லை. "ஊருக்கெல்லாம் சோறு போடுறீங்க, அந்தம்மாவை மட்டும் பட்டினி போடுறீங்க" என்றேன். அவர் அண்டாவைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பட்டறை வாசலில் இறங்கும்போது, "அந்த அடுப்பை அறுத்துடு நைனா" என்றார்.

அறுத்தேன். ஐந்தாவது முறையாக மேடை கட்டினேன். ஒற்றை அடுப்பு, ஒரு குக்கர், இரண்டு தட்டு. படுக்கை இரண்டு பேருக்கு. இனி தொல்லை விட்டது என்று நினைத்தேன். மறுநாள் பட்டறைக்கு வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு ஆளுக்கு உப்பு எவ்ளோ போடுவாங்க நைனா?"

நான் சிரித்துவிட்டேன். வெல்டர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. படியும் மரக்காலும்தான் அவர் கைக்குத் தெரிந்த கணக்கு. ஸ்பூன் என்பதை அவர் அதுவரை சமையலுக்குத் தொட்டதே இல்லை. வீட்டில் முயற்சி செய்தால் அம்மாளுக்குத் தெரிந்துவிடும் என்று என் பட்டறையில் ஒரு கரண்ட் அடுப்பை வைத்துப் பழக ஆரம்பித்தார். பதினைந்து நாள். இரும்பு பொசுங்கும் வாசனையோடு ரசத்து வாசனையும் சேர்ந்து எனக்குத் தலைவலி வந்தது. வெல்டர்கள் ருசி பார்க்க வரிசையில் நின்றார்கள், வேலை நின்றது. "சாமி, கடல் தண்ணி" என்றான் ஒருவன். மறுநாள் உப்பே இல்லை. நாற்பது வருஷம் தெய்வத்துக்குப் படைத்த மனிதர், இரண்டு டம்ளர் ரசத்துக்கு முன்னால் வியர்த்து வழிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். என் மனைவி வந்து ஒருநாள் ஸ்பூனைப் பிடித்து அளவு காட்டினாள். அதற்குப் பிறகுதான் ஒரு வழிக்கு வந்தது.

வண்டிக்கு மேல்பூச்சு அடித்துக் காயவைத்திருந்த சமயம் அது. இன்னும் இரண்டு நாளில் எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். அவருக்கு அதுவரை பொறுக்கவில்லை. மத்தியானம் அம்மாளை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பட்டறையின் பின்புறம், கழித்துப்போட்ட டயர்களுக்கு நடுவில் நின்ற வண்டியில் ஏறிப் பின்கதவைச் சாத்திக்கொண்டார்கள். குக்கர் சத்தம் கேட்டது. பிறகு தாளிக்கும் சத்தம். நான் அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவ்வளவு மாதம் உழைத்தவன் என்ற உரிமையில் போய்க் கதவைத் தட்டினேன்.

சாமி கதவை ஒரு சாண் திறந்தார். அவர் தோளுக்குப் பின்னால் அம்மாள் தட்டோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வாயில் சோறு. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்திருக்கப் போனார். சாமி திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, உட்கார் என்று அமர்த்தினார். பிறகு என்னிடம் சொன்னார்: "உனக்கு இல்ல நைனா. ரெண்டு பேருக்குத்தான் பண்ணேன்."

கதவைச் சாத்திவிட்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. பஸ் நிறையத் தெரியாதவர்களைக் கூப்பிட்டுப் போட்டவர், என் பட்டறையில், நான் கட்டிய மேடையில் சமைத்துவிட்டு என்னைத் துரத்துகிறார். எதிர்க்கடையில் போய் ஆறிப்போன போண்டா தின்றேன்.

அதற்கு மூன்றாவது வாரம் போய்விட்டார். வண்டி எந்த ஊருக்கும் போகவில்லை. குற்றாலமா, ராமேஸ்வரமா என்பதிலேயே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்களாம். காரியத்தன்று நூற்றுக்கணக்கானவர்கள் வந்திருந்தீர்கள். ஒவ்வொருவரும் அவர் கையால் சாப்பிட்டதைச் சொல்லி அழுதீர்கள். நான் ஓரமாக நின்றேன். ருக்மணி அம்மாள்தான் என்னைக் கூப்பிட்டு, "அன்னிக்கு உப்பு சரியா இருந்துச்சு தம்பி" என்றார்.

அவர் வாழ்நாளில் சோறு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய ஒரே ஆள் நான். உங்களில் யாருக்கும் அது கிடைக்கவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.