வீக்கம் என்று சொன்னேன்

அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று அதை அவரிடம் சொல்ல நான் தயங்கவே இல்லை. முதுகுவலி என்று போனவருக்கு, மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் ஆரம்பித்து எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே "கேன்சருங்கப்பா" என்றேன். "செரி, பாத்துக்கலாம்" என்றார். கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி அம்மாவுக்கு போன் பண்ணச் சொன்னார். எழுபது தாண்டியவர். அவ்வளவு திடமான மனிதரிடம்தான் அடுத்த வாரம் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் நான் பொய் சொன்னேன்.

எங்கள் ஊர் கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். அப்பா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு மலையாளம் வரும். அதற்கு மேல் போனால் என் முகத்தைப் பார்ப்பார். வில்லேஜ் ஆபீஸ், கரண்ட் ஆபீஸ், எங்கே போனாலும் அவருக்கு வாய் நான்தான். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. படியேறும்போதே தமிழ் வாடை இல்லாத மலையாளத்தில் பேச்சை ஆரம்பித்துவிடுவேன். தமிழனை அங்கே இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்று எவனும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம்தான், வேறென்ன. அடுத்த வாரம் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரிடமும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் வயதுக்காரர். அவரும் மலையாளத்திலேயே பதில் சொன்னார்.

ஆண் உடம்பில் ஊறும் ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி என்றார். அதை நிறுத்த இரண்டு வழி. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, ஆயுள் முழுக்க. இல்லையென்றால் சின்ன ஆபரேஷன், ஒரேயடியாக முடிந்துவிடும். எது வேண்டும் என்று அவரே யோசித்துச் சொல்லட்டும் என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, அவருக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிதானமாக, "வ்ருஷணம் ரண்டும் நீக்கம் செய்யணம். மனசிலாயோ?" என்று கேட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்ன கண்ணு, வீக்கம்ங்கறாரா?"

முதலில் பார்த்த உள்ளூர் டாக்டர் சுரப்பி வீக்கம் என்றுதான் சொல்லியிருந்தார். அதனால் நீக்கம் என்பது அப்பாவின் காதில் வீக்கமாக விழுந்தது. நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் விதையை எடுப்பதற்கு எனக்குத் தமிழில் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. அது மாட்டுக்குச் சொல்வது. காயடிப்பது. எங்கள் தொழுவத்தில் யாரும் கூச்சமில்லாமல் புழங்கும் சொல்தான். காளைக் கன்றுக்கு ஆள் வரவழைத்தால் கயிற்றை அப்பாவேதான் பிடித்துக்கொள்வார். டாக்டருக்குப் போர்த்திச் சொல்ல வ்ருஷணம் என்று ஒரு வடமொழிச் சொல் இருந்தது. எனக்கு இல்லை. இடுப்புக்குக் கீழே உள்ள எதைப் பற்றியும் நானும் அப்பாவும் ஆயுளில் பேசியதில்லை. 

"ஆமாங்கப்பா, வீக்கந்தான். வீங்கியிருக்கறத எடுத்துருவாங்களாமா."

"ஊசின்னும் என்னமோ சொன்னாரே?"

"ஊசின்னா மூணு மாசத்துக்கொருக்கா வரோணும். இதுன்னா ஒரேதா முடிஞ்சுரும்."

"செரி, நீயே பாத்துச் சொல்லு."

சொன்னேன். ஊசியை விட்டு ஆபரேஷனை ஏன் எடுத்தேன்? அவருடைய அலைச்சலைக் குறைக்கத்தான் என்று ரொம்ப நாள் எனக்கு நானே கதை விட்டுக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த அறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பேச்சைக் கேட்க வேண்டாமே என்றுதான்.

சம்மதப் பத்திரம் முழுக்க மலையாளம். நர்ஸ் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டி, தன் பெயரைத் தமிழில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "படிச்சுப் பாத்துட்டயல்ல?" என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். நான் படித்தது மட்டும் உண்மை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து கட்டுப் பிரித்த அன்று அப்பா குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அம்மா இரண்டு தடவை கதவைத் தட்டினாள். வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். மத்தியானச் சோறு வேண்டாம் என்றுவிட்டார். சாயங்காலம் நான் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது அம்மா மோட்டார் அறைக்கே வந்து என்னைப் பிடித்தாள்.

"ஏண்டா, ஒனக்கு முன்னயே தெரியுமான்னு கேக்கறாரு."

அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "எனக்கென்ன தெரியும்? உள்ள கொண்டு போயி அறுத்துப் பாத்துட்டு டாக்டராவே எடுத்துப்போட்டாரு. நம்மளக் கேட்டுட்டா செய்யறாங்க?"

 அம்மா போய் அப்படியே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். முதல் பொய்யாவது கூச்சத்தில் வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது சுத்தக் கோழைத்தனம். அந்த டாக்டர் எல்லாவற்றையும் முறையாகக் கேட்டுச் செய்தவர்.

அதற்குப் பிறகு அப்பாவுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. மார்கழிக் காற்று பனைமரங்களைப் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கும், நாங்கள் ஸ்வெட்டர் போட்டிருப்போம். அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேர்த்து வடிய உட்கார்ந்திருப்பார். டிவி சீரியலில் யாரோ அழுதால் அவருக்குக் கண் கலங்கும். கலங்கியதற்காக எரிந்து விழுவார். ஹார்மோன் நின்றால் இதெல்லாம் வரும் என்று டாக்டர் என்னிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அதையும் நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், எதனால் என்று கேட்பார்களே. ஏதோ புது வியாதி என்று அப்பா பயந்துபோயிருந்தார். அம்மாதான் துண்டை நனைத்து அவர் முதுகில் போட்டபடி, "எனக்குத் தூரம் நின்னப்ப இப்பிடித்தானுங்க வந்துது. ஒண்ணும் பண்ணாது, தானா அடங்கிரும்" என்றாள். எல்லாம் தெரிந்த நான் பக்கத்து அறையில் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் மாதம் டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும். அப்பா வர மறுத்துவிட்டார்.

"கேக்காம அறுக்கறவங்கிட்ட எனக்கென்னடா வேல?"

முதுகுவலி அதற்குள் திரும்ப வந்திருந்தது. கட்டிலில் புரண்டு படுக்கவே பல்லைக் கடித்தார். நான் டாக்டருக்கு போன் பண்ணினேன். எலும்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் வலி அடங்கும், தள்ளிப்போட்டால் கால் இரண்டும் விழுந்துவிடக்கூடும், உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பொள்ளாச்சியில் வேறு டாக்டரிடம் போகலாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். எல்லா டாக்டரும் ஒரே ஜாதிதான் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் வாயிலிருந்து வந்த ஒரு பொய், அவரை எல்லா ஆஸ்பத்திரிக்கும் வெளியே நிறுத்திவிட்டது. அது தெரிந்தும் பத்து நாள் சும்மா இருந்தேன். அவர் வலியில் முனகுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன், தோப்புக்குப் போனேன், வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் அந்தப் பத்து நாளைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பதினோராம் நாள் காலையில் அப்பா கழிவறைக்குப் போக எழுந்தபோது வலது கால் மடங்கிக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்வந்து படுக்க வைத்தேன். பிறகு கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, டாக்டரு கேட்டாருங்க. உங்களத்தான் கேட்டாரு. நாந்தான் மாத்திச் சொல்லிப்போட்டனுங்க."

அவர் திரும்பவில்லை. "எதுக்கு?"

"வாய் வரலீங்கப்பா."

அம்மா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"எடுக்கோணும்னு சொல்லியிருந்தீன்னா, எடுங்கடான்னிருப்பேன். இந்த வயசுல அத வெச்சுட்டு நான் என்ன பண்ணப் போறேன்? எங்கிட்டக் கேக்கவே வேண்டாம்னு நெனச்ச பாரு..."

 என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கே கார் பிடித்துப் பாலக்காட்டுக்குப் போனோம். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு வழக்கம்போல முன்னால் நடந்தேன். அப்பா கை நீட்டி ஃபைலை வாங்கிக்கொண்டார்.

"நீ வெளிய இரு கண்ணு. உங்கம்மா வாரா."

அம்மாவுக்கு அப்பா அளவுக்குக்கூட மலையாளம் தெரியாது. அதைச் சொல்வதற்குள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவு முழுதாக மூடவில்லை. "ஏனுங்க டாக்டர், எனக்கு மலையாளம் பத்தாதுங்க. பண்ணப் போறத எனக்கே சொல்லிப்போடுங்க" என்று அப்பா சொல்வது கேட்டது.

"அதுக்கென்ன ஐயா, உக்காருங்க. நான் உங்க பக்கத்துச் சித்தூர்க்காரனாக்கும்" என்றார் டாக்டர். கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசினாலும் தமிழ். அப்பா கேட்டார், அவர் சொன்னார். கதிர் எத்தனை நாள், வலி எப்போது அடங்கும், உடம்பு ஏன் கொதிக்கிறது, வேர்வையில் துணி ஏன் நனைந்துபோகிறது. அம்மாவும் நடுவில் ஏதோ கேட்டாள். ஒரு தடவை அப்பா சிரித்ததுகூடக் கேட்டது. அந்த மூன்று மாதத்தில் நான் கேட்காத சிரிப்பு.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணி கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அச்சனாணோ? கூடே கேறுந்நில்லே?" உங்கள் அப்பாவா, நீங்கள் கூடப் போகவில்லையா என்று கேட்டார்.

அவ்வளவு சரளமாக வரும் மலையாளத்தில் எனக்கு ஒரு சொல்கூட வரவில்லை.

"வேண்டாம்னுட்டாருங்க" என்றேன்.