பட்டினி போட்ட செல்லுக்கு ஊத்துனது யாரு?

செல்லு வளக்குற பொழப்பு மாடு வளக்குறதைவிட மோசம், மாடாவது பசிச்சா கத்தும். எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுன்னு லேப்ல மாட்டிக்கிட்டு முழிச்சவங்களே, இது உங்களுக்குத்தான்.

என்ன படிக்கிற?

அப்பத்தான் எல்லாரு கையிலயும் செல்போன் வர ஆரம்பிச்ச நேரம். மாட்டுத்தாவணியில பூக்கடை அண்ணே கேட்டாரு. "செல்லு ஆராய்ச்சிண்ணே. நல்ல செல்லு எப்பிடி புத்துநோய் செல்லா மாறுதுன்னு பாக்குறேன்"னேன். அவரு சட்டைப்பையில கைய விட்டாரு.

"என் செல்லும் தண்ணியில விழுந்து ஒரு மாதிரி மாறிருச்சு பாப்பா, கொஞ்சம் பாரேன்!"

யாரு குத்தவாளி?

க்ரோத் ஃபேக்டர்ங்கிறது வெளியிருந்து வந்து செல்லை 'வளரு'ன்னு சொல்ற சரக்கு. அதைக் கேக்குற ஜீன் கெட்டுப்போனா ஆன்கோஜீன். காளவாசல் சிக்னல்ல பச்சை அப்பிடியே மாட்டிக்கிட்ட கணக்கா, யாரும் சொல்லாமலே செல்லு வளந்துக்கிட்டே இருக்கும். இதுல சில ஆன்கோஜீன் க்ரோத் ஃபேக்டரைத் தானே தயார் பண்ணிக்கிருமாம்! "அப்ப எது சார் குத்தவாளி? ஒண்ணைச் சொல்லுங்க!"ன்னு கைடுகிட்ட மல்லுக்கு நின்னேன்.

"ரெண்டும் கூட்டுக்களவாணிம்மா, நீ ஏன் ஒருத்தனைத்தான் பிடிப்பேன்னு நிக்கிற?"

பட்டினி

செல்லு வளக்குற தட்டு ரெண்டு. ஒண்ணுல நல்ல செல்லு, இன்னொண்ணுல ஆன்கோஜீன் ஏத்துன செல்லு. க்ரோத் ஃபேக்டர் எல்லாம் செல்லுக்குச் சாப்பாடா ஊத்துற சீரத்துலதான் இருக்கு, அதை ஊத்தாம ரெண்டையும் பட்டினி போடணும். நல்லது வளராம நிக்கணும், மத்தது வளரணும். அப்பத்தான் ப்ராஜெக்ட், அப்பத்தான் டிகிரி. தட்டு மேல 'பட்டினி'ன்னு கொட்டையா எழுதிட்டு ஆனையூருக்கு, வீட்டுக்குப் போயிட்டேன்.

வந்து பாத்தா ரெண்டும் கொழுகொழுன்னு வளந்திருக்கு! தலை சுத்திருச்சு. நான் படிச்சது பூரா பொய்யா? வேற வழியில்லாம ஜூனியர் கோமதியைப் பிடிச்சு உலுக்குனேன்.

"பட்டினின்னு எழுதியிருந்துச்சேக்கா, பாவமேன்னு நாந்தான் சீரம் ஊத்துனேன்."

வைவா

கோமதியைத் தட்டுப் பக்கமே விடாம திரும்பப் போட்டேன். நல்ல செல்லு நின்னுருச்சு, மத்தது ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வளந்துச்சு. வைவாவுல ரெண்டு தடவை ரிசல்ட்டையும் பாத்த வெளியூர் எக்ஸாமினர் விடலை. "முதல் தடவை மட்டும் நல்ல செல்லு எப்பிடிம்மா வளந்துச்சு? தப்பா பண்ணுனியா?" எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "தப்பெல்லாம் இல்ல சார், பட்டினின்னு எழுதுனதைப் பாத்து இவ ஊத்திட்டா!"ன்னு வேடிக்கை பாக்க வந்து பின்னால உக்காந்திருந்த கோமதியைக் கை காட்டுனேன். அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"மதுரையில பட்டினி எக்ஸ்பெரிமென்டே பண்ண முடியாது போலயேம்மா!"

பாஸ் போட்டுட்டாங்க, ஆனா ஆன்கோஜீன் குத்தவாளியா, க்ரோத் ஃபேக்டர் குத்தவாளியா, ஊத்திவிட்ட கோமதி குத்தவாளியான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை.